அலமு வசனம், ஆறு பிரதி

ஜூன் 10, 2019, திங்கள்

தண்ணீர் லாரி காலை ஐந்தரைக்கு வந்தது. ஆறு குடம், பதினெட்டுப் படி. மேற்கு மாம்பலத்தில் இந்த வருஷம் எல்லோருக்கும் முழங்கால் வலி.

இந்த டைரி தியாகு சார் ஜனவரியில் கொடுத்தது. எந்தத் தேதி, எந்தச் சபா, எந்தப் புடவை என்று மட்டும் எழுதிக்கொண்டு வந்தேன். ஒரே சபாவில் ஒரே புடவையை இரண்டாம் முறை கட்டினால் முன்வரிசைப் பெண்கள் வசனத்தை விட்டுவிட்டுப் புடவையைப் பற்றிப் பேசுவார்கள். இந்த வருஷம் எழுத அதிகமில்லை. பக்கம் பக்கமாகக் காலி. சரி, கொஞ்சம் என் கதையையும் எழுதுவோம்.

நேற்று மயிலாப்பூரில் ஷோ. ‘சம்பந்தி வீட்டுச் சாவி’, நானூற்றுத் தொண்ணூற்றாறாவது தடவை. நான் அலமு மாமி. தியாகு சார் என் புருஷன் விச்சு. இரண்டாம் காட்சியில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடிப்பார். நான் உள்ளேயிருந்து வந்து சம்பந்தி வீட்டாரைத் திட்ட வேண்டும். வந்தேன். அவரைப் பார்த்தேன். சட்டென்று அவர் காலடியில் விழுந்து, “என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டேளே! இனிமே எனக்கு யார் இருக்கா!” என்று கதறினேன்.

அது ‘மூன்றாம் மாடி’ நாடகத்து வசனம். வேறு குழு, வேறு புருஷன். அந்தப் புருஷன் மாடியிலிருந்து விழுந்து செத்துப்போயிருப்பார்.

தியாகு சார் டம்ளரைக் கீழே கூட வைக்கவில்லை. “எங்கேடி போனேன்? காப்பியே இன்னும் பாதி இருக்கு” என்றார்.

“போகமாட்டேளே?”

“டிபன் என்னன்னு சொல்லு. யோசிக்கறேன்.”

சபா இரண்டு நிமிஷம் சிரித்தது. வேண்டுமென்றேதான் செய்தேன். நாற்பது வருஷமாக ஒரே நாடகம், புதிதாக ஏதாவது வேண்டாமா? வரதன் சார் மட்டும் சிரிக்கவில்லை. நாடகத்தை எழுதி இயக்கி, சம்பந்தியாக நடித்து, மன்றத்துக்குச் செயலாளராகவும் இருப்பவர் அவர். பேங்கில் ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவர். சிரிப்பதற்கும் இரண்டு கையெழுத்து வேண்டும்.

ஜூன் 12, புதன்

முருங்கைக்காய் வாங்கினேன். சாம்பார்.

ஜூன் 13, வியாழன்

முருங்கைக்காய் வாங்கினேன். வீட்டுக்கு வந்தால் கூடையில் ஏற்கெனவே முருங்கைக்காய். இந்தத் தெருவில் தண்ணீர்தான் இல்லை, முருங்கைக்காய் தானாகவே முளைக்கிறது.

ஜூன் 19, புதன்

‘மூன்றாம் மாடி’ குழுவிலிருந்து போன். அடுத்த மாதம் நான் வர வேண்டாமாம். “ரெஸ்ட் எடுத்துக்கங்கம்மா” என்றான் அந்தப் பிள்ளை. சின்னப் பசங்க, புது முகம் தேடுவார்கள். தேடட்டும்.

எதற்கும் எழுதிவிடுகிறேன். போன மாதம் அங்கே பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, கதற வேண்டிய இடத்தில், “எழுந்திருங்கோ, காப்பி ஆறிடும்” என்று சொல்லிவிட்டேன். பிணம் சிரித்துவிட்டது. சிரித்தது பிணத்தின் தப்பு. என் காலத்தில் செத்தவர்கள் ஒழுங்காகச் செத்துக் கிடந்தார்கள்.

இதெல்லாம் எங்கள் தொழிலில் சகஜம். பதினேழு வயதில் விருத்தாசலத்திலிருந்து வந்தேன். சென்னையில் தெருவுக்குத் தெரு நாடகக் குழு. ஆண்கள் எல்லாம் ஆபீசில் வேலை பார்ப்பவர்கள், ஞாயிற்றுக்கிழமை நடிகர்கள். அவர்கள் வீட்டுப் பெண்களை மேடையேற்ற மாட்டார்கள். அதனால் நாலைந்து பெண்கள் எல்லாக் குழுவுக்கும் ஓடினோம். ஒரு ஞாயிறு மூன்று மணிக்குத் தி.நகரில் புது மனைவி, ஆறரைக்கு எழும்பூரில் விதவை. நடுவில் டாக்சியிலேயே பூவை எடுக்க வேண்டும். ஒரே சமயத்தில் ஐந்து நாடகத்து வசனம் தலைக்குள் இருந்தது. ஒருநாளும் ஒன்று இன்னொன்றின் வீட்டுக்குள் போனதில்லை. இருபத்தாறு வயதில் அம்மா ஆனேன், நாற்பது வயதுக்காரருக்கு. மேடையில் எழுபத்துமூன்று கல்யாணம் பண்ணிக்கொண்டேன். வீட்டில் ஒன்று, அது இரண்டு வருஷம்கூட ஓடவில்லை.

ஐந்து குழுவில் கடைசியாக மிஞ்சியது இந்த ஞாயிறு நாடக மன்றம் ஒன்றுதான்.

ஜூன் 24, திங்கள்

நேற்று 497, தாம்பரம். நன்றாகப் போனது. இரண்டு இடத்தில் பிச்சுமணி அண்ணா எடுத்துக் கொடுத்தாராம், எனக்குக் காதில் விழவில்லை. அவர்தான் எங்கள் பிராம்ப்டர், பக்கத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து வசனம் சொல்லிக் கொடுப்பவர். எண்பத்திரண்டு வயது. ஒரு காலத்தில் அவர் குரல் கடைசி வரிசைவரை போகும், ஜனங்கள் வசனத்தை இரண்டு தடவை கேட்பார்கள். இப்போது அவர் பேசுவது அவருக்கே கேட்பதில்லை.

அப்புறம் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? இருமினேன். இருமல் எல்லா நாடகத்துக்கும் பொருந்தும்.

ஐந்நூறாவது ஷோ ஆகஸ்ட் 11. பெரிய சபா, பெரிய மேடை. இதுவரை நடந்த ஒரு ஷோவையும் நான் விட்டதில்லை. காய்ச்சலில் நடித்திருக்கிறேன், அம்மா இறந்த பதினாறாம் நாளுக்கு மறுநாள் நடித்திருக்கிறேன். மற்றவர்கள் எல்லாம் ஒன்றிரண்டு விட்டவர்கள்தான். தியாகு சார்கூட ஆபீஸ் ஆடிட் என்று ஆறு ஷோ வரவில்லை. ஐந்நூறிலும் நின்றவள் நான் ஒருத்தி என்று சொல்லிக்கொள்ள ஆசை. வேறு பெரிய ஆசை எதுவும் இல்லை.

ஜூன் 30, ஞாயிறு

வரதன் சார் வீட்டில் ஒத்திகை. நாற்பது வருஷம் ஓடிய நாடகத்துக்கு என்ன ஒத்திகை? நான் போனபோது எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். ஷைலஜா மடியில் ஒரு கட்டுக் காகிதத்தை வைத்து அதன்மேல் முறுக்குத் தட்டை வைத்தாள். அவள்தான் நாடகத்தில் என் மருமகள். நாற்பத்தைந்து வயது, டிவி சீரியலில் வில்லி, நல்ல பெண். நல்ல பெண் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முறுக்கை எடுக்கிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். என் வசனம். அலமு வசனம்.

ஒரு கடி கடித்தேன். முறுக்கு நமுத்திருந்தது.

ஜூலை 3, புதன்

பழம் தின்று கொட்டை போட்டவள் நான். என் இடத்தை அவ்வளவு சுலபமாக விடுவேனா? வீடு முழுக்க வசனத்தை ஒட்டிவிட்டேன். முதல் காட்சி அரிசி டப்பாவில். இரண்டாவது பீரோ கதவில். மூன்றாவது தண்ணீர் டிரம்மின் மேல். அரிசி களையும்போது ஒன்று, புடவை எடுக்கும்போது ஒன்று.

குழாயில் இன்று எதிர்பாராமல் தண்ணீர் வந்து, டிரம் நிரம்பி வழிந்து, மூன்றாவது காட்சி முழுவதும் கரைந்துபோனது. தண்ணீர் வந்ததற்குச் சந்தோஷப்படுவதா, காட்சி போனதற்கு அழுவதா? குளித்தேன்.

ஜூலை 8, திங்கள்

நேற்று 498. ஒரு யோசனை செய்திருந்தேன். அலமு கையில் எப்போதும் பனையோலை விசிறி இருக்கும். அதன் பின்பக்கம் முழுக்கப் பால்பாயிண்டால் என் வசனங்களைப் பொடி எழுத்தில் எழுதினேன். வீசிக்கொள்கிற மாதிரி படிக்கலாம். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

மேடையில் ஒரே புழுக்கம். தியாகு சாருக்கு வேர்த்து ஊற்றியது. பாதிக் காட்சியில், “குடுடி அதை” என்று விசிறியைப் பிடுங்கி வீசிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார். நான் மரம் மாதிரி நின்றேன். நாலு வீச்சுக்கு அப்புறம் அவர் கண் விசிறியில் நின்றது. படித்தார். என் வசனம், என் கையெழுத்து. அப்படியே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

அவர் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. “இந்தா, நீயும் கொஞ்சம் வீசிக்கோ” என்று எழுத்து என் பக்கம் இருக்கிற மாதிரித் திருப்பிக் கொடுத்தார். நான் பேச வேண்டிய வரியைக் காட்டிக்கொண்டு அவர் கட்டைவிரல் இருந்தது.

மேடைக்கு வெளியே நாற்பது வருஷமாக நாங்கள் ‘வாங்க, போங்க’தான். கிளம்பும்போது, “வீட்டுக்கு ஆட்டோ பிடிச்சுக் குடுக்கட்டுமா ரஞ்சிதம்மா?” என்றார். வேண்டாம் என்றேன். “பஸ் நம்பர் தெரியுமில்ல?” என்றார். கோபம் வந்தது. எனக்கா பஸ் நம்பர் தெரியாது?

தப்பான பஸ்தான். ஆனால் அதுவும் மாம்பலம் பக்கம்தான் போயிற்று.

ஜூலை 16, செவ்வாய்

ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்கப் போனேன். கடைக்காரர் என்னை அலமு மாமியாகத்தான் அறிவார்.

“உங்க வரதன் சார் நேத்து வந்திருந்தாரும்மா. நாடகத்துக்கு ஆறு செட்டு போட்டுட்டுப் போனாரு.”

“முழு நாடகமுமா?”

“இல்லம்மா. நீங்க பேசறது மட்டும். தனியா எழுதிக் கொண்டாந்து, ஆறு செட்டுலயும் மஞ்சக் கலர் அடிச்சாரு. ரொம்ப நீட்டா.”

ஆதார் அட்டையை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 17, புதன்

ஆறு பேர்!

ஜூலை 18, வியாழன்

ஒருத்தி என்றால்கூட மனசு ஆறும். ஆறு பேரை வரவழைத்து, வசனம் கொடுத்து, யார் நன்றாகப் பேசுகிறாள் என்று பார்க்கப் போகிறார்கள். பெண் பார்க்கிற மாதிரி. ஷைலஜா ஒன்று. மற்ற ஐந்து பேர் யார்? எனக்குத் தெரிந்த பழைய நடிகைகளில் பாதிப் பேர் போய்விட்டார்கள், மீதிப் பேர் அமெரிக்காவில் பேரனைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

ஆத்திரத்தில் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். ஐம்பது வருஷமாக மேடையில் மாமி. ஷோ முடிந்ததும் யாராவது வந்து, “நீங்க எந்த ஊர் அக்ரஹாரம்?” என்று கேட்பார்கள். “விருத்தாசலம்” என்பேன். ஊர் பொய்யில்லையே. குழம்பு பிரமாதம். உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது, பரவாயில்லை, கருவாடுதானே.

ஜூலை 29, திங்கள்

நேற்று 499. யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மேக்கப் ரூமில் ஷைலஜா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அம்மா, கடைசிக் காட்சியில அந்தச் சாவி வசனம் இருக்கில்ல, அதுக்கு முன்னாடி எங்க மூச்சு எடுப்பீங்க?”

“மூக்குலதான்” என்றேன்.

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஒரு வரி தப்பாமல் பேசினேன். கோபத்தை விட நல்ல பிராம்ப்டர் கிடையாது. மற்றவர்கள்தான் என்னமோ மாதிரி இருந்தார்கள். நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் தியாகு சாரின் உதடு அசைந்தது. வயசாகிறது அவருக்கு.

ஆகஸ்ட் 5, திங்கள்

வரதன் சாரே வீட்டுக்கு வந்து அழைப்பிதழ் கொடுத்தார். நின்றுகொண்டே பிரித்தேன். தியாகராஜன், வரதன், ஷைலஜா... எழுத்து ஆடியது. ‘அலமுவாக டி. ரஞ்சிதம்.’ அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

“நான் இல்லைன்னு நெனச்சேன் சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மறைக்கப்படாது. நான் நெனச்சேன். இந்த ஒரு ஷோவுக்கு மட்டும் உங்களை மேடையில உக்கார வெச்சு மாலை போட்டுட்டு, ஷைலஜாவை அலமுவாப் போடலாமான்னு. அவ கேட்டா, ‘அவங்க உயிரோட உக்காந்து பாக்கறப்போ அவங்க புடவைய நான் கட்டணுமா?’ன்னு. அப்புறம் நான் வாயே திறக்கலை.”

“அப்போ அந்த ஆறு செட்டு?”

“அது வந்து... ஆபீஸ் ரெக்கார்டுக்கு” என்றார். எந்த ஆபீஸ் என்று கேட்பதற்குள் படி இறங்கிவிட்டார். ரிட்டயர் ஆகி எட்டு வருஷம் ஆகிறது.

ஆகஸ்ட் 10, சனி

தூக்கம் வரவில்லை. அரிசி டப்பாவைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டேன். எல்லாம் வருகிறது. கடைசிக் காட்சி மட்டும் சில சமயம் வருகிறது, சில சமயம் வெளியே போயிருக்கிறது.

ஆகஸ்ட் 12, திங்கள்

நிதானமாக எழுத வேண்டும். ஒன்றுவிடாமல் எழுத வேண்டும்.

நேற்று மாலை சபா நிறைந்து படிக்கட்டில் எல்லாம் ஆட்கள். பாதிப் பேர் கைத்தடியோடு. முதல் காட்சி, இரண்டாம் காட்சி ஜம்மென்று போயின. விசிறியை நான் கொண்டு போகவில்லை. தியாகு சாரே கொண்டு வந்து நீட்டினார், வேண்டாம் என்றுவிட்டேன். திமிர்.

கடைசிக் காட்சி. தொலைந்துபோன சாவிக்காகச் சண்டை போட்டு, கல்யாணமே நின்றுபோகிற நிலைமை. சாவி என் இடுப்பில்தான் இருக்கும். நான் எடுத்து நீட்டுவேன். விச்சு, “நாப்பது வருஷமா இந்த வீட்ல நான் தேடாத சாமான் இல்லை. ஒண்ணையாவது நானா கண்டுபிடிச்சிருக்கேனா?” என்று கேட்பார். அதற்கு அலமு, “தேடறது உங்க வேலை. எடுத்துக் குடுக்கறது என் வேலை” என்பாள். இது நாடகத்திலேயே பெரிய கைதட்டல் வாங்கும் இடம். அதற்கு முன்னால் எனக்கு நாலு வரி உண்டு.

சாவியை எடுத்து நீட்டினேன். நாலு வரியும் இல்லை.

இத்தனை நாள் இந்த டைரியிலும் கதை விட்டுக்கொண்டிருந்தேன். இப்போது உண்மையை எழுதுகிறேன். சிரிப்புக்காக இடைவெளி விட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஒன்றும் இல்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருந்தது தலை. அது என்ன நாடகம், யார் இந்த மனுஷன், என் கையில் எதற்குச் சாவி என்றுகூட ஒரு கணம் தெரியவில்லை. இருமல்கூட வரவில்லை. பயமாக இருந்தது. ரொம்பப் பயமாக இருந்தது.

அப்போது தியாகு சார் என் வரியைச் சொன்னார். நாலையும். “சாவி எங்க இருந்துதுன்னு கேக்காதேங்கோ, யார் கேட்டான்னு கேளுங்கோ...” என்று என் இழுப்பு, என் மூக்கொலி, அப்படியே. உள்ளேயிருந்து தட்டோடு வந்த ஷைலஜா நின்றாள். அவள் வாயிலும் அதே வரி. ஓரத்தில் வரதன் சார் உதட்டிலும் அதே வரி. பக்கத் திரைக்குப் பின்னால் மேக்கப் ராஜப்பா கையில் மஞ்சள் அடித்த காகிதம். லைட்காரர் மடியில் ஒன்று, பிச்சுமணி அண்ணா கையில் ஒன்று.

ஆறு செட்டு. என் இடத்துக்கு ஆறு பேர் வரவில்லை. நான் விழுந்தால் பிடிக்க ஆறு பேர் நின்றிருக்கிறார்கள். அவர்களைத்தான் ஒரு மாதமாக மனசுக்குள் திட்டித் தீர்த்தேன்.

ஆனால் கூத்து அதோடு முடியவில்லை. இப்போது விச்சு தன் வசனத்தைச் சொல்ல வேண்டும். தியாகு சார் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். ஒரு மாதமாக என் பார்ட்டை மனப்பாடம் செய்து செய்து மனுஷன் தன் பார்ட்டைத் தொலைத்துவிட்டார்! வேர்த்துக் கொட்டி, “தேடறது உங்க வேலை, எடுத்துக் குடுக்கறது என் வேலை” என்றார். அதுவும் என் வரி.

அவர் முகத்தைப் பார்த்தேன். நான் அரை நிமிஷத்துக்கு முன்னால் இருந்த அதே இடத்தில் இப்போது அவர் இருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் திரும்பி வந்தது. என் வரி இல்லை, அவர் வரி. நாற்பது வருஷம் எதிரில் நின்று கேட்டதாயிற்றே.

நேராகப் போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். பேப்பரைப் பிரித்தேன். இல்லாத மூக்குக்கண்ணாடியை மூக்கின்மேல் தள்ளிவிட்டு, அவர் குரலில், “ஏண்டி, நாப்பது வருஷமா இந்த வீட்ல நான் தேடாத சாமான் இல்லை. ஒண்ணையாவது நானா கண்டுபிடிச்சிருக்கேனா?” என்றேன்.

ஐம்பத்துமூன்று வருஷ மேடை வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு புருஷனை ‘டி’ போட்டேன். என்ன சுகம்!

தியாகு சார் பிடித்துக்கொண்டார். மேல்துண்டைத் தலைப்பாக இழுத்துச் செருகிக்கொண்டு, “ஏன்னா, கத்தாதேங்கோ, சம்பந்தி காதுல விழும்” என்றார். அப்புறம் கேட்க வேண்டுமா? கடைசிக் காட்சி முழுவதும் அவர் அலமு, நான் விச்சு. ஒரு வரி தவறவில்லை. இரண்டு பேர் ஓடி வந்து சோடா கொடுக்க வேண்டியிருந்தது, எங்களுக்கு இல்லை, முன்வரிசைக்கு. சிரித்து மூச்சு வாங்கிவிட்டது அவர்களுக்கு.

திரை போட்டு எடுத்ததும் வழக்கம்போல அறிமுகம். எங்கள் மன்றத்தில் ஒவ்வொருவரையும் வேலையோடு சொல்வார்கள். இன்னார், இன்ன பேங்க், இன்னார், மின்வாரியம். கடைசியில் என்னை வெறும் பெயராகச் சொல்வார்கள். வரதன் சார் “ரஞ்சிதம் அம்மா” என்று ஆரம்பித்தபோது மைக்கை வாங்கிக்கொண்டேன்.

“நான் ரஞ்சிதம். எனக்கு வேலையே இதுதான். கடைசிக் காட்சிய நீங்க ரசிச்சீங்க. அது வேணும்னு பண்ணினதில்ல. எனக்கு மறந்துபோச்சு. இப்பெல்லாம் மறக்குது. பல மாசமா மறக்குது, யாருக்கும் தெரியாதுன்னு நான் நெனச்சேன். இவங்க ஆறு பேரும் என் பார்ட்ட எனக்காக மனப்பாடம் பண்ணியிருக்காங்க. அதுல தியாகு சார் அவர் பார்ட்டயே மறந்துட்டாரு.”

மேடைப் பேச்சில் அக்ரஹாரமும் இல்லை, ஒன்றும் இல்லை. என் சொந்தப் பேச்சு. யாரும் சிரிக்கவில்லை. இதைச் சொன்னபின் இனி எந்தக் குழுவும் கூப்பிடாது என்று தெரிந்துதான் சொன்னேன். தியாகு சார் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

மூன்றாவது வரிசையில் ஓர் அம்மாள் எழுந்து நின்றாள். என் வயதுதான் இருக்கும். பக்கத்திலிருந்த புருஷனைச் சுட்டிக்காட்டி, மைக் இல்லாமலே கத்தினாள்:

“மாமி, பயப்படாதேங்கோ! இவர் இந்த நாடகத்தைப் பதினோராவது தடவை பாக்கறார். ஒவ்வொரு தடவையும், ‘இப்பத்தாண்டி முதல் தடவை பாக்கறேன், என்னமா நடிக்கறா’ங்கறார்! நீங்க மறந்துண்டே நடியுங்கோ, நாங்க மறந்துண்டே பாக்கறோம்!”

அந்தப் புருஷனும் சிரித்தார். எழுந்து எனக்குக் கும்பிடு போட்டார். சபா முழுக்க எழுந்துவிட்டது, எழுந்திருக்க முடியாதவர்கள் கைத்தடியைத் தட்டினார்கள். நான் அழுதேன். கிளிசரின் இல்லாமல், எந்த நாடகத்துக்காகவும் இல்லாமல், மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன்.

501 செப்டம்பர் 8, ஞாயிறு. வரதன் சார் மேடையிலேயே அறிவித்துவிட்டார், கடைசிக் காட்சி இனி எப்போதும் இப்படித்தானாம். புதன்கிழமை காலை ஷைலஜா வந்து என்னை டாக்டரிடம் கூட்டிப்போகிறாள். வருகிறேன் என்று நானேதான் சொன்னேன். முருங்கைக்காயிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் அவரிடம் சொல்லப் போகிறேன். இந்த டைரியையும் கையோடு எடுத்துக்கொண்டு போகிறேன்.